தாமரை இலையும் படகுக் கண்ணாடியும்



தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பது என்று நாம் அடிக்கடி சொல்வதுண்டு. தோட்டத்தில் தாமரைக்கு எங்கே போவது? லயத்துக் கால்வாய் ஓரத்துச் சேம்பு இலை போதும். மழை விட்டதும் அதன்மேல் நீர்த்துளி முத்தாக உருண்டு ஓடுவதை ஆண்டுதோறும் என் மாணவர்களுக்குக் காட்டி வருகிறேன். அந்தப் பாடத்தை நடத்தத் தெரிந்த எனக்கு, அதையே ஒரு படகுக் கண்ணாடியில் செய்து காட்டத் தெரியாமல் போன கதையை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

என் மனைவியின் அண்ணன் எங்கள் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது வேலை தேடி லுமுட் பக்கம் போனார். இப்போது அங்கே சிறு மோட்டார் படகு ஓட்டுகிறார். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு வந்திருந்தபோது, "மழை பிடிச்சா முன் கண்ணாடியில ஒண்ணுமே தெரியறதில்ல மாப்பிள்ளை" என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். என்னுள் இருந்த வாத்தியார் உடனே விழித்துக்கொண்டார்.

மாசி மகத்துக்குப் பங்கோர் தீவின் பத்ரகாளியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போவது எங்கள் வழக்கம். அந்த முறை போகும்போது, கார்க் கண்ணாடிக்குப் பூசும் நீர்விலக்கி மருந்து ஒரு புட்டி வாங்கிக்கொண்டேன். படகுத்துறையில் மச்சான் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாக் கண்ணாடிகளிலும் மருந்தைத் தேய்த்து முடித்துவிட்டேன். கூடவே ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன்.

"கண்ணாடிக்குத் தண்ணீர் என்றால் பிரியம், மச்சான். மழை பட்டதும் இழுத்து மேலெல்லாம் பரப்பிக்கொள்ளும். அந்தப் படலம் நெளியும்போது எதிரே உள்ளதும் நெளியும். இந்த மருந்தில் இருக்கும் சிலிக்கோன் கண்ணாடியைச் சேம்பு இலையாக மாற்றிவிடும். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிடும்."

மச்சான் சிரித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. நடு வழியில் மழை கொட்டியது. முத்து திரண்டது உண்மை. ஆனால் ஓடவில்லை! கரை விளக்குகளின் ஒளி ஒவ்வொரு துளியிலும் பட்டு, கண்ணாடி முழுக்க நூறு விளக்குகள் மின்னின. துளிகளுக்கு அடியில் வெள்ளையாக ஒரு மங்கல் வேறு. மச்சான் சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினார். பக்கத்துச் சன்னலைத் தள்ளிக் கொட்டும் மழையில் தலையை வெளியே நீட்டினார். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் விளக்கில்லாத ஒரு சம்பான். அதில் வலை போட்டிருந்த ஒரு பெரியவர். என் மகள் என் சட்டையைப் பிடித்த பிடி இன்னும் என் தோளில் இருக்கிறது.

கரை சேர்ந்ததும் மச்சான் கோபிக்கவில்லை. "மருந்து நல்லதுதான் மாப்பிள்ளை. உப்பைக் கழுவாம மேல பூசிட்டீங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

வீடு திரும்பியபின் என் தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

முதல் தவறு உப்பு. கடல்நீர் காய்ந்தால் கண்ணாடியில் உப்பு படியும். மருந்து கண்ணாடியைப் பற்றினால்தான் நிற்கும். உப்பைப் பற்றினால் உப்போடு போய்விடும்.

இரண்டாவது, வேகம். காரில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும்போது எதிர்காற்றே துளிகளைத் தள்ளிவிடும். மழை இரவில் படகு 8 நாட் போனால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. படகின் கண்ணாடியோ ஏறக்குறைய நேராக நிற்பது. துளிகளை யார் தள்ளுவது? மருந்து பூசினாலும் துடைப்பான் வேண்டும்.

மூன்றாவது தவறு பக்கத்துச் சன்னல். அது கண்ணாடியே அன்று. பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகடு. கண்ணாடிக்கென்று செய்த மருந்துகளில் உள்ள சாராய வகைகள் பிளாஸ்டிக்கில் மயிரிழை போல வெடிப்பு உண்டாக்கக்கூடும். புட்டியில் பிளாஸ்டிக்குக்கும் ஆகும் என்று எழுதியிருந்தால் மட்டுமே பூச வேண்டும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் மறுபடியும் போனேன். இம்முறை மச்சானைக் கேட்டுக் கேட்டுச் செய்தேன். நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவினோம். சவர்க்கார நீரால் தேய்த்து அலசினோம். தண்ணீர் கலந்த வெள்ளைக் காடியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டோம். நிழலில் வைத்து, முன் கண்ணாடியில் மட்டும், வட்டம் வட்டமாக மருந்தைத் தேய்த்தோம். வெண்மையாகப் பூத்ததும் உலர்ந்த துணியால் துடைத்தோம். இன்னொரு பூச்சும் கொடுத்தோம். துடைப்பானின் தேய்ந்த ரப்பரையும் மாற்றினோம். ஒரு குவளைத் தண்ணீரை வீசிப் பார்த்தபோது துடைப்பான் ஒரே இழுப்பில் வழித்துவிட்டது. மச்சான் முகத்தில் அன்றுதான் உண்மையான சிரிப்பைக் கண்டேன். வெயிலும் உப்பும் பூச்சைத் தின்றுவிடுவதால், துளி திரளாமல் பரவத் தொடங்கினால் மறுபடியும் பூசிக்கொள்கிறார்.

முன்பு லோரி ஓட்டுநர்கள் கண்ணாடியில் புகையிலையைத் தேய்ப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அது இதற்கு நேர்மாறான வழி. தண்ணீரைத் திரள விடாமல் ஒரே சீராகப் பரப்புவது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றுதான்.

கப்பல்கள் மோதாமல் இருக்க 1972-இல் அனைத்துலக விதிகள் வகுத்தார்கள். அதில் 5-ஆவது விதி, கண்ணாலும் காதாலும் எந்நேரமும் கவனித்திரு என்கிறது. 6-ஆவது விதி, பாதுகாப்பான வேகத்தில் செல் என்கிறது. மச்சான் இவற்றைப் படித்தவரல்லர். ஆனாலும் அன்றிரவு இரண்டையும் செய்தவர் அவர்தான். நான் பூசிய மருந்து எங்களைக் காக்கவில்லை. அவர் நிறுத்தியதும் தலையை நீட்டியதும்தான் காத்தன.

நம்மில் பலருக்குப் படகு இல்லை. ஆனால் மழையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறோம். நம் பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்கள். கண்ணாடியைக் கழுவுங்கள், பிறகு மருந்து பூசுங்கள். அப்படியும் வழி தெரியவில்லையா? நிறுத்துங்கள். பத்து நிமிடம் தாமதமாக வீடு சேர்ந்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.