இளவேனிலில் இரு நாட்கள்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்தனர். பனி உருகிப் புல் தளிர்க்கும் மேலைநாட்டு வசந்தத்தைப் படங்களிற் கண்டு பழகிய நம் பிள்ளைகளுக்கு, யாழ்ப்பாணத்து இளவேனில் ஒரு வசந்தமாகவே தோன்றுவதில்லை. செம்மண் கொதிக்கின்றது, கிணற்று நீர் அடியை நாடுகின்றது. ஆயினும் அவ்வேளையிலேதான் வேம்பு பூத்து முற்றமெங்கும் உதிர்கின்றது. கறுத்தக்கொழும்பான் மாங்காய் நிறம் மாறத் தொடங்குகின்றது. பனைகளிலே நுங்கு குலைகுலையாகத் தொங்குகின்றது. கோயில்களிலே கொடியேறுகின்றது.

சென்ற வைகாசியில் இப்பருவத்தின் இரு நாட்களை நுகரும் பேறு எமக்குக் கிட்டியது. கொழும்பில் என்னுடன் வாழும் என் தந்தையார், ஒரு மாலைப் பொழுதில், "தம்பி, அளவெட்டியிலை திருவிழா தொடங்கியிருக்கும். ஒருக்காப் போய் மேளம் கேட்டிட்டு வருவமே?" என்றார். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. செவிப்புலனோ ஆண்டுக்காண்டு மங்கி வருகின்றது. "அப்பப்பாவுக்குத்தான் காது கேளாதே, பின்னை ஏன் போறம்?" என்று என் பன்னிரண்டு வயது மகன் மெல்ல வினவினான். அவனுக்கு விடை கூற என்னால் இயலவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறி, சனிக்கிழமை காலை கீரிமலையை அடைந்தோம். ஒரு சுவருக்கு அப்பால் உப்புக்கடல்; இப்பால் கேணி நிறைய நன்னீர். இவ்விந்தைக்குக் காரணம் நிலத்தின் இயல்பே. குடாநாட்டின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புக்கல். மாரியிற் பெய்த மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கித் தங்கி, கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. எத்துணை வெயில் எறித்தாலும் அந்நீர் தண்ணென்றே இருக்கும். கழுத்தளவு நீரில் நின்றபடியே, குதிரை முகம் கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவல்லி இங்கு நீராடி அம்முகம் நீங்கப் பெற்ற கதையையும், அதனால் அயலூர் மாவிட்டபுரம் எனப் பெயர் பெற்றதாகக் கூறுவதையும், தந்தையார் பேரனுக்குச் சொன்னார்.

அம்மாவிட்டபுரத்துக்கு அண்மையிலேதான் அவர் பிறந்த வீடு இருந்தது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது, அவரும் வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். பல்லாண்டுகள் கழித்துக் காணி மீண்டும் கைக்கு வந்தபோது வீடு இல்லை. கிணறு மாத்திரம் இருந்தது. அன்று அவ்வழியாகச் சென்றபோது தந்தையார் இறங்கிக் கிணற்றை எட்டிப் பார்த்தார். "தண்ணி கிடக்குது" என்று மட்டும் கூறி மீண்டும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

நண்பகலில் அளவெட்டியிலே சிறிய தந்தையார் வீட்டை அடைந்தோம். திருவிழாக் காலமாதலின் மரக்கறிச் சமையல். கத்தரிக்காய்க் குழம்பும், மோரும், பொரித்த வேப்பம்பூ வடகமும் வாழையிலையில் வந்தன. உண்டபின் வேப்பமர நிழலிற் பாய் விரித்துச் சாய்ந்தோம். சீவித் தந்த நுங்கைப் பெருவிரலாற் தோண்டி உண்ணும் வித்தையை என் மகன் அன்றுதான் கற்றான். சட்டையெல்லாம் நனைந்ததைக் கண்டு எவரும் அவனைக் கடியவில்லை.

இரவு கோயிலுக்குச் சென்றோம். அளவெட்டியும் இணுவிலும் நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர்கள். இணுவிலிற் பிறந்து, தமிழகத்திலும் பெரும்புகழ் ஈட்டிய தவில் மேதை தட்சணாமூர்த்தி (1933 – 1975) வாசிக்கும் இடமெல்லாம், இளமையிலே தந்தையார் சைக்கிளிற் சென்று விடிய விடியக் கேட்டவர். சுவாமி எழுந்தருளும் வேளையில், கம்பீரநாட்டை இராகத்தில், சொற்கள் இல்லாத மல்லாரி முழங்கிற்று. வீதியுலா முடிந்தபின் மேளச்சமா தொடங்கியது. நாதசுரம் தோடியை விரித்தது. தந்தையார் கையைக் காதிற் குவித்துப் பார்த்தார். பின்னர் கையைத் தாழ்த்திவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

சற்றுப் பொறுத்துத் தவிலின் முறை வந்தது. பலாமரத்தைக் குடைந்து செய்த அக்கருவியின் ஒரு பக்கத்தைக் கழியாலும், மறு பக்கத்தைக் கூடுகள் அணிந்த விரல்களாலும் முழக்குவர். தந்தையார் எழுந்து சென்று, வாசிப்போருக்கு மிக அருகே மணலில் அமர்ந்தார். மகனும் அவரைப் பின்தொடர்ந்தான். சிறிது நேரத்தில் அவருடைய வலக்கை தொடையிலே தாளம் போடத் தொடங்கிற்று. ஒரு தட்டேனும் பிசகவில்லை. மகன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, மண்ணும் அதிருது!" என்று வாயசைத்தான். நள்ளிரவுக்குப் பின் நீலாம்பரி ஒலித்து விழா நிறைவெய்தும் வரையில் இருவரும் அவ்விடம் விட்டு நகரவில்லை.

ஞாயிறு காலை கிணற்றடியில் நீராடி, இரண்டு மாம்பழங்களைக் கடதாசியிற் சுற்றிக்கொண்டு திரும்பினோம். வழியிலே மகன், "அப்பப்பா, உங்களுக்குக் கேட்டதோ?" என்று உரத்துக் கேட்டான். "நாதசுரம் பாதிதான் கேட்டது. தவில் முழுக்கக் கேட்டது" என்றார் அவர், சிரித்தபடி.

அன்பர்களே, ஊற்று நீரும் நுங்கும் மர நிழலும் மேள ஓசையும் பெரும் பொருள் கொடுத்துப் பெறுவன அல்ல. ஆனால் இவை என்றும் நம் வாயிலிற் காத்திருக்கும் என்று எண்ணுவது தவறு. ஊரும் ஒரு நாள் கைவிட்டுப் போகலாம், செவியும் போகலாம். அடுத்த இளவேனிலில் இரண்டு நாட்களை ஒதுக்கி, வீட்டிலுள்ள முதியவரையும் சிறுவரையும் ஒருங்கே அழைத்துச் செல்லுங்கள். ஒருவர் அறிந்ததை மற்றவர் கேட்டறிய அதுவே தக்க தருணம்.