டெட்லைன் பிறந்த இடம்

'அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும், டெட்லைன்!' என்று மேனேஜர் உறுமுகிறாரே... அந்த லைன் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டேன் ஸார்! அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலம், ஆண்டர்சன்வில்.

1864-ல் உள்நாட்டுப் போர்க் கைதிகளைக் கூரைகூட இல்லாமல் அடைத்த பொட்டல். மதிலுக்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி ஒரு குட்டி வேலி. தாண்டினால் 'டுமீல்'! அதுதான் டெட் லைன். இப்போது அங்கே வெள்ளைக் குச்சிகள் நட்டிருக்கிறார்கள். 14 மாசத்தில் வந்தவர்கள் 45,000 பேர். செத்தவர்கள் கிட்டத்தட்ட 13,000.

டோரன்ஸ் அட்வாட்டர் என்று 19 வயசுக் கைதி. வேலை, சாவு ரிஜிஸ்டர் எழுதுவது. பையன் ரகசியமாக இன்னொரு காப்பி எழுதி, கோட்டு லைனிங்கில் ஒளித்து வெளியே கொண்டுவந்துவிட்டான்! 1865-ல் கிளாரா பார்ட்டன் அம்மையாரோடு திரும்பி வந்து, கல்லறைகளுக்குப் பெயர் வைக்க உதவினான். கைதிகளின் தட்டுமுட்டுச் சாமான்களையும் பொறுக்கிக்கொண்டு போனார்கள்; 1866-ல் வாஷிங்டன் கண்காட்சியில் வைத்து எடுத்த போட்டோ இன்றும் இருக்கிறது.

பையனுக்குப் பரிசு? லிஸ்ட்டைத் திருடினான் என்று அவன் சொந்த சர்க்காரே 18 மாச தண்டனை போட்டது! (சர்க்கார் ஃபைல் சமாசாரம் எல்லா ஊரிலும் ஒண்ணுதான்.) ரெண்டு மாசத்தில் விட்டுவிட்டார்கள்.

கல்லறைக் கற்கள், ஆபீஸ் நேரத்து பஸ் மாதிரி, தோளோடு தோள் இடித்து நிற்கின்றன. பெயர் இல்லாதவை சுமார் 460-தான்.