பட்டியலில் இல்லாத பெயர்

வீட்டில் ஒரு பொருள் கண்ணில் படவில்லையென்றால், அது தொலைந்தே போயிற்று என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. தேடத் தொடங்குமுன் வருந்தத் தொடங்கிவிடுகிறோம். 2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நாமும் அப்படித்தான் வருந்தினோம். எம் வீட்டு மடிக்கணினியில் அன்று ஒரு பெயர் காணாமற் போயிற்று. அந்தப் பெயரோடு எம் தாயாரின் குரலும் போய்விட்டதாக நாம் நம்பினோம்.

கடலூர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையில் எம் வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளம் நின்றது. பரண்மேல் இருந்தவை தப்பின. இரும்புப் பெட்டியில் இருந்தவை தப்பவில்லை. பாட்டனார் எழுதி வைத்திருந்த குடும்ப வரலாற்றுத் தாள்கள் மை கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. அவற்றுள் என்ன எழுதியிருந்தது என்பதை முழுமையாக அறிந்தவர் எம் உம்மா ஒருவரே. 2018இல் அவரைப் பக்கத்தில் அமர்த்தி, பரங்கிப்பேட்டையில் வாழ்ந்த முன்னோரைப் பற்றியும், கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றியும், தாலாட்டுகளைப் பற்றியும் கேட்டுப் பதினொரு ஒலிப்பதிவுகளாகச் சேர்த்து வைத்தோம். 2021இல் அவர் மறைந்தார். “இனி இதைத் தண்ணீர் தொடாது” என்ற நிம்மதியோடு அப்பதிவுகளை மடிக்கணினியில் வைத்திருந்தோம்.

அந்தக் கணினியில் இயங்குதளங்கள் இரண்டு. ஒன்று விண்டோஸ், மற்றொன்று டெபியன் எனப்படும் லினக்ஸ். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் போல, ஒரே வட்டை இரு பிரிவாகப் பகுத்து அவை இரண்டும் குடியிருந்தன. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் எம் மூத்த மகள். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் அவருக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. எம் வீட்டுக்குள் நுழைந்த முதற் கணினி அதுதான். உடன் படித்த பிள்ளைகள் பலர் பாஸ் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. எம் மகளோ அதைத் திறந்து திறந்து பார்த்தார். பாஸ் என்பது டெபியனை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது என்பதை அப்படித்தான் அறிந்துகொண்டார். இன்று சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு பள்ளியில் கணினி ஆசிரியையாகப் பணிபுரிகிறார்.

அந்த மாதம் வீட்டுக்கு வந்திருந்த மகள், டெபியனைப் புதிய பன்னிரண்டாம் பதிப்புக்கு மாற்றி அமைத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாயிற்றென்று விரைந்து புறப்பட்டார். இரண்டு நாள் கழித்து நாம் கணினியைத் திறந்தோம். வழக்கமாகக் கருந்திரையில் தோன்றும் பட்டியலில் டெபியன் இருந்தது. விண்டோஸ் இல்லை. அணைத்துத் திறந்தோம். மறுபடியும் அணைத்துத் திறந்தோம். இல்லாதது இல்லாததாகவே இருந்தது.

மகளிடம் சொல்ல மனம் வரவில்லை. காலாண்டுத் தேர்வு நேரம். தம்மால்தான் பாட்டியின் குரல் போயிற்று என்று அவர் வேதனைப்படுவாரே என்ற தயக்கம் வேறு. ஆகவே ஊரிலுள்ள ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைப்பையன் நல்ல பிள்ளைதான். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “விண்டோஸ் போயிடுச்சு பாய். ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுடலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க” என்றான். உள்ளே இருப்பவை என்னாகும் என்று கேட்டோம். “அதெல்லாம் வராது பாய்” என்றான். சரி என்ற சொல் நாவின் நுனி வரை வந்துவிட்டது. என்ன தோன்றிற்றோ, நாளை வருகிறோம் என்று சொல்லிக் கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

மறுநாட் காலை கடலூர் முதுநகரில் ரயில் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று நிலையங்கள் நகர்ந்தன. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் வண்டி சென்றபோது, உம்மா பிறந்த ஊரின் திசையைப் பார்க்க எமக்குத் துணிவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தோம்.

மகள் நாம் சொன்னதைக் கேட்டுப் பதறவில்லை. “வாப்பா, பட்டியலில் பேர் இல்லை என்றுதானே சொல்கிறீர்கள்? ஆள் இல்லை என்று யார் சொன்னது?” என்றார். டெபியனையே திறந்தார். வட்டின் பிரிவுகளைக் காட்டும் பக்கத்தை எடுத்தார். விண்டோஸுக்கு ஒதுக்கிய பிரிவு, ஒதுக்கிய அளவிலேயே, அசையாமல் இருந்தது. அதை டெபியனுக்குள்ளிருந்தே சொடுக்கித் திறந்தார். ‘உம்மா’ என்று நாம் பெயரிட்டிருந்த அடைவு அங்கே இருந்தது. முதற் பதிவை இயக்கினார். உம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “எங்கேயிருந்து சொல்லணும்?” என்று கேட்டார்கள்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அப்படியானால் பெயர் மட்டும் போனது எவ்வாறு? மகள் விளக்கியதை எமக்கு விளங்கியவாறு கூறுகிறோம். கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது, தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் யு.இ.எஃப்.ஐ. என்னும் சிறு நிரல். அது வட்டிலுள்ள ஒரு சிறிய பிரிவை நோக்கும். ஒவ்வோர் இயங்குதளமும் தன்னைத் தொடங்கி வைக்கும் கோப்பை அங்கே வைத்திருக்கும். வரிசையில் முதலில் நிற்பதிடம் யு.இ.எஃப்.ஐ. பொறுப்பை ஒப்படைக்கும். எம் கணினியில் முதலில் நின்றது கிரப் என்னும் டெபியனின் வாயிற்காவலர். நாம் கண்ட பட்டியல் அவர் காட்டுவது. அவரோ ஒவ்வொரு முறையும் வீட்டைச் சுற்றிப் பார்த்துச் சொல்பவர் அல்லர். முன்பே எழுதிவைத்த ஏட்டை வாசிப்பவர். அந்த ஏட்டை எழுதும்போது வேறு இயங்குதளங்கள் உண்டா என்று துழாவிவரும் வேலைக்கு ஓ.எஸ். புரோபர் என்று தனி ஓர் ஆள் உண்டு.

2021 ஜூனில் வெளியான கிரப் 2.06 பதிப்பு முதல், அந்த ஆளைத் தானாக அனுப்புவது நிறுத்தப்பட்டது. இன்னதென்று அறியாத பிரிவுகளையெல்லாம் முழு அதிகாரத்தோடு திறந்து பார்ப்பது பாதுகாப்பன்று என்பதே காரணம். 2023 ஜூன் 10இல் வந்த டெபியன் 12 இந்தப் புதிய வழக்கத்தைக் கொண்டிருந்தது. மகள் பதிப்பை மாற்றியபோது ஏடு புதிதாக எழுதப்பட்டது. துழாவ ஆள் போகவில்லை. ஆதலால் பக்கத்துக் குடித்தனத்தின் பெயர் ஏட்டில் ஏறவில்லை.

“கிரப்பைக் கேட்காமலே விண்டோஸுக்குப் போகலாம் வாப்பா” என்று கூறி, கணினி விழிக்கும் கணத்தில் எஃப் 12 விசையை அழுத்தினார். யு.இ.எஃப்.ஐ. தன் சொந்தப் பட்டியலைக் காட்டிற்று. அதில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற வரி இருந்தது. தேர்ந்தெடுத்ததும் விண்டோஸ் எப்போதும்போல் எழுந்தது. சில கணினிகளில் அவ்விசை எஃப் 9 ஆகவோ எஸ்கேப் ஆகவோ இருக்குமாம்.

அதன்பின் டெபியனுக்குத் திரும்பி, கிரப்பின் அமைப்புக் கோப்பில் ‘கிரப் டிஸேபிள் ஓ.எஸ். புரோபர்’ என்னும் வரிக்கு எதிரே ‘ஃபால்ஸ்’ என்று எழுதினார். தேடாதே என்ற கட்டளை செல்லாது என்பது அதன் பொருள். ‘அப்டேட் கிரப்’ என்ற ஆணையைக் கொடுத்ததும், விண்டோஸ் கண்டுபிடிக்கப்பட்டது என்ற வரி திரையில் ஓடியது. திறந்து பார்த்தால், பட்டியலில் பெயர் இருந்தது. எல்லாம் முடியத் தேநீர் ஆறும் நேரங்கூட ஆகவில்லை.

வாசக அன்பர்களின் வீடுகளிலும் இத்தகைய கணினி இருக்கலாம் என்பதால் இன்னும் சில சொல்லி வைக்கிறோம். லினக்ஸ் இருக்கும் கணினியில் பின்னர் விண்டோஸை நிறுவினால், லினக்ஸின் பெயர் மறைவது வழக்கம். பழைய கணினிகளில் வட்டின் முதல் 512 பைட்டுகளில் உள்ள தொடக்க நிரலை விண்டோஸ் தன்னுடையதாக மாற்றி எழுதிவிடும். புதியவற்றில் தன்னை வரிசையில் முன்னே நிறுத்திக்கொள்ளும். இரு நிலையிலும் லினக்ஸ் பெரும்பாலும் உள்ளே அப்படியே இருக்கும். ஒன்றைப் பழைய பயாஸ் முறையிலும் மற்றொன்றைப் புதிய யு.இ.எஃப்.ஐ. முறையிலும் நிறுவியிருந்தால், ஒரே பட்டியலிலிருந்து இரண்டையும் திறக்க இயலாது போகலாம். விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்க வசதியால், அணைத்த பின்னும் விண்டோஸ் முழுமையாக உறங்குவதில்லை. அப்போது லினக்ஸ் அப்பிரிவைப் படிக்க மட்டுமே திறக்கும். இரண்டு இயங்குதளம் வைத்திருப்போர் அவ்வசதியை நிறுத்திவிடுவது நலம். எதுவாயினும் முதலில் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்குமுன் ஃபார்மட் என்ற சொல்லுக்கு இசையாதீர்கள்.

கடைப்பையன்மேல் எமக்குக் கோபமில்லை. பட்டியலில் இல்லை என்பதை இல்லவே இல்லை என்று அவன் படித்தான். நாமும் அப்படித்தான் படித்தோம். குற்றம் வேறிடத்தில் இருந்தது. வெள்ளத்தில் ஒரே பெட்டியை நம்பி இழந்த நாம், மீண்டும் ஒரே பெட்டியைத்தான் நம்பியிருந்தோம். பெட்டி மாறியதே தவிர, நாம் மாறவில்லை. பெற்ற மகளிடம் முதலில் சொல்லாமல் மறைத்ததும் நம் பிழையே. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டியதை மூன்று நாள் சுமந்தோம்.

அன்று மாலை புறப்படுமுன் பதினொரு பதிவுகளையும் இரண்டு படிகள் எடுத்தோம். ஒன்று சிதம்பரத்தில் மகளிடம் இருக்கிறது. மற்றொன்று கடலூரில், பரண்மேல். எம் பேத்திக்கு அப்போது நான்கு வயது. கொள்ளுப்பாட்டியின் தாலாட்டுப் பதிவை அவள் மூன்று முறை போடச் சொன்னாள். நாம் ரயிலைத் தவறவிட்டு, கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பினோம்.