இடது காலுக்கு ஓய்வு

கொழும்பிலிருந்து ரயிலில் நுவரெலியாவுக்குப் புறப்படுவோர் இறங்க வேண்டிய இடம் நானுஓயா. நுவரெலியா நகருக்குள் ரயில் இல்லை. 1885ஆம் ஆண்டில் பெரிய பாதை இங்கே வந்து சேர்ந்தது. 1903இல் இங்கிருந்து நகருக்கு ஒரு சிறிய அகலத் தண்டவாளம் இடப்பட்டது. 1940களோடு அது மறைந்துபோயிற்று. எஞ்சியிருக்கும் எட்டு ஒன்பது கிலோமீற்றருக்கு மோட்டார் வண்டியே துணை. நிலையம் ஏறத்தாழ 1,620 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. நகரமோ 1,868 மீற்றர். மறுபுறம் தலவாக்கலையை நோக்கித் திரும்பினால் வீதி நானூறு மீற்றர் அளவுக்குக் கீழே இறங்குகின்றது.

இத்தகைய ஊரில் வாழ்பவர்களுக்குக் கியர் என்பது சாரதி மட்டும் அறிந்த இரகசியம் அன்று. லயத்து வாசலில் நின்றபடியே, கொழுந்து லொறி எந்த முடக்கில் எந்தக் கியருக்கு இறங்குகின்றது என்று காதால் கேட்டுச் சொல்லக் கூடிய முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த முனகலும் உறுமலும் இப்போது குறைந்து வருகின்றன. ஜப்பானிலிருந்து வந்திறங்கிய தானியங்கிக் கார்கள் தோட்டத்துப் பாதைகளிலும் ஓசையின்றி ஏறி இறங்குகின்றன. கிளட்ச் மிதி இல்லை. இடது காலுக்கு வேலையும் இல்லை.

புதுமை என்று சொல்வதற்கும் இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களிலேயே இவ்வசதியை அளித்துவிட்டது. நம் மலைக்கு அது பரவலாக வந்து சேரத்தான் இத்தனை காலம் சென்றது.

ஏற்றத்தில் அதன் அருமையை மறுப்பதற்கில்லை. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவரை வாகனங்கள் எறும்பு வரிசைபோல் நிற்கும். பழைய காரில் கைப் பிரேக்கை விட்டு, கிளட்சைப் பாதியில் பிடித்து, பின்னால் நிற்கும் வானின் மூக்கில் இடிக்காமல் புறப்படுவதற்குள் சாரதிக்கு வியர்த்துவிடும். கிளட்ச் கருகும் வாடை வேறு. தானியங்கியில் பிரேக்கை விட்டு மெல்ல அழுத்தினால் கார் தானே நகர்கின்றது. முழங்கால் வலியுள்ள முதியவர்களும், புதிதாக ஓட்டப் பழகும் பெண்மணிகளும் இதனை வரவேற்பதில் வியப்பில்லை.

இறக்கத்தின் கதை வேறு. ஆண்டுக்கணக்கில் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மருமகன் வாங்கிய புதுக் காரில் தலவாக்கலைக்குப் புறப்பட்டார். நானும் பின் ஆசனத்தில் இருந்தேன். ஊர் எல்லையைக் கடந்ததும் அவர் கேட்டார்:

"தம்பி, இறக்கத்தில் இது எந்தக் கியரில் போகிறது?"

"அதைக் கார் பார்த்துக்கொள்ளும், மாமா."

"முன்னால் வரும் முடக்கு அதற்குத் தெரியுமா?"

மருமகன் பதில் சொல்லவில்லை. சற்றுத் தூரம் சென்றபின் லீவரைக் கீழே ஒரு படி இழுத்தார். எஞ்சின் உறுமிற்று, கார் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. பெரியவர் வெற்றிலைப் பொட்டலத்தை அவிழ்த்தார்.

அவர் கேட்ட கேள்வியில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. ஓட்டத்தின் வேகத்தையும், அக்சிலரேட்டரில் காலின் அழுத்தத்தையும் பார்த்தே தானியங்கி கியரை மாற்றுகின்றது. பல கார்களில், இறக்கத்தில் கால் எடுபட்டதும் அது உயர்ந்த கியரிலேயே தங்கிவிடும். எஞ்சினின் பிடி தளர, பாரமெல்லாம் பிரேக்கின் தலையில் விழும்.

அப்பாரம் எவ்வளவு? ஆயிரம் கிலோ எடையுள்ள காரை நானூறு மீற்றர் கீழே இறக்குவதில் வெளிப்படும் சக்தியைக்கொண்டு, பதினோரு லீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த நீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு லயத்து வரிசை முழுவதற்கும் தேநீர் போடலாம்! ஒரு பகுதி காற்றோடும் சக்கர உராய்வோடும் போகும் என்றாலும், மிச்சத்தை நான்கு பிரேக்குகளே தாங்க வேண்டும். விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அவை காய்ந்து பிடிப்பை இழக்கும். சூடு மேலும் ஏறினால் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமேயன்றிச் சக்கரத்தைப் பிடிக்காது. மிதி தரைமட்டும் போய்விடும்.

நானுஓயா இதனை நூலில் படித்து அறிய வேண்டிய ஊர் அன்று. 2023 ஜனவரி 20ஆம் தேதி, இங்கே ரதல்ல குறுக்குப் பாதையில், பாடசாலைச் சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ்ஸும் ஒரு வானும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் மாண்டனர். அத்துயரத்தைத் தானியங்கியின் கணக்கில் எழுதுவது தகாது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தச் சரிவை அறிந்த எவரும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க மாட்டார்.

ஆகவே புதுக் கார் வாங்குவோர், லீவரின் அருகில் 'டி' என்ற எழுத்துக்குக் கீழே என்ன இருக்கின்றது என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நலம். சிலவற்றில் 'எல்' அல்லது '2' இருக்கும், சிலவற்றில் 'எஸ்'. ஜப்பானியக் கலப்பின எரிசக்திக் கார்கள் சிலவற்றில் 'பி' என்றொரு எழுத்து உண்டு. அதனைப் பலர் தொட்டே பார்ப்பதில்லை. அவ்வகைக் கார்கள் இறக்கத்தில் பற்றரியை நிரப்பிக்கொண்டே வரும். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அந்தப் பிடிப்பும் குறைந்துபோகும். அந்நேரத்தில் எஞ்சினைக்கொண்டு வேகத்தை அடக்கவே அவ்வெழுத்து. இறக்கம் தொடங்குமுன் மாற்ற வேண்டும். வேகம் மிஞ்சியபின் தேடுவதில் பயனில்லை.

இடது காலைப் பற்றியும் ஒரு சொல். பழக்கத்தால் அது கிளட்சைத் தேடிப்போய் அகன்ற பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் வருபவர் திகைப்பார். முதல் சில நாட்கள் அதனை ஆசனத்துக்கு அருகில் மடக்கி வைத்திருப்பது உத்தமம். சரிவில் நிறுத்தும்போது கைப் பிரேக்கை முதலில் இழுத்து, அதன்பின் லீவரை நிறுத்துமிடத்துக்குத் தள்ள வேண்டும். இல்லாவிடில் காரின் பாரம் முழுவதையும் உள்ளே ஒரு சிறு இரும்புப் பல் தாங்கி நிற்கும்.

பற்றரி செத்த காரைச் சரிவில் உருட்டிவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பும் மலைநாட்டு வித்தை மட்டும் இதனிடம் பலிக்காது. தள்ளுவதற்கு ஓடிவரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதில் ஏமாற்றந்தான்.