அமுக்கமும் பாய்ச்சலும்

அழுக்கு என்னும் ஒரு சொல்லுள் நாம் அடக்கிவிடும் பொருள்கள் பல. யாழ்ப்பாணத்தார் அதனை ஊத்தை என்பர். ஆயின் ஊத்தையெல்லாம் ஒரு தன்மையனவல்ல. மாரி கழிந்தபின் மதில்களிற் படர்ந்திருக்கும் பாசி உயிருள்ளது. சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கிப் பற்றிக்கொள்வது. பாரவூர்தியின் அடிப்பாகத்தில் ஒட்டியிருப்பது எண்ணெயும் புழுதியும் குழைந்த பிசுக்கு. அது நீரை ஏற்காது. முற்றத்துச் சேறு காய்ந்தால் இறுகும். நன்கு நனைந்தால் தானே நெகிழும். இரும்புக் கம்பியிலிருந்து வழிந்த துருக்கறையோ எவ்வளவு நீரடித்தாலும் போவதில்லை. இவற்றை ஒவ்வொன்றாக இனங்கண்டு, எதனை எவ்வாறு நீக்கலாம் எனத் தேர்வதற்கு அறிவு வேண்டும். கழுவுதல் அறிவு வேண்டாத தொழில் என்னும் கருத்து, அத்தொழிலைச் செய்து பாராதவர்களிடத்தே நிலவுவது.

என் சின்ன மாமா யாழ்ப்பாணத்தில் இத்தொழிலைச் செய்பவர். வீட்டு முற்றங்கள், மதில்கள், ஓட்டுக் கூரைகள், திருமண மண்டபங்களின் தளங்கள், பாரவூர்திகள் ஆகியவற்றைக் கூலிக்குக் கழுவிக் கொடுப்பார். இரண்டு இளைஞர்கள் அவரிடம் வேலை செய்கின்றனர். உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் பயின்ற அவருக்குப் பல்கலைக்கழக அனுமதி கிட்டவில்லை. இத்தொழிலை அவர் தொடங்கிய காலத்தில், “படிச்சுப் போட்டுக் கழுவுற வேலையோ?” என்று உறவினர் பலர் கேட்டனர். அக்கேள்வி வெறும் வருமானத்தைப் பற்றியதன்று. ஊத்தையைத் தொடுபவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் எமது சமூகத்திற் சாதியோடு பிணைந்து நெடுங்காலம் நிலைத்திருப்பது. அதன் குரலே அக்கேள்வியில் ஒலித்தது. மாமா அதற்கு விடை கூறவில்லை, வேலையைத் தொடர்ந்தார்.

அவரிடம் வெளிநாட்டிலிருந்து வந்த சிறிய கழுவும் இயந்திரம் ஒன்று இருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதமளவில் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. இறக்குமதியாகும் பொருள் எதுவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. சிறிய இயந்திரத்தைப் பழுது பார்த்துப் பழுது பார்த்துச் சில காலம் ஓட்டிய மாமா, அதன் பம்பி முற்றாகத் தேய்ந்தபோது இரண்டு வழிகளின் நடுவே நின்றார். ஒன்று, கடன்பட்டுப் புதியது வாங்குவது. மற்றது, தொழிலை விடுவது. தொழிலை விட்டால் இளைஞர் இருவரும் வேறு வேலை தேடவேண்டும். மூன்றாவது வழியொன்றை அவரே வகுத்தார்: தமக்கு வேண்டிய இயந்திரத்தைத் தாமே கட்டுவது. விடுமுறைக்கு வீடு சென்றிருந்த நான் பெரும்பாலான நாட்கள் அவருடன் இருந்தேன். கலைப்பீட மாணவருக்குப் பட்டறையிற் கிடைக்கும் வேலை கணக்குக் கொப்பியை வைத்திருப்பதே. அக்கொப்பியிலிருந்து நான் கற்றதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழுவும் இயந்திரங்களை விற்பவர்கள் பெரிய எழுத்திற் போடும் எண் அமுக்கத்தினுடையது. 120 பார், 150 பார் என்று அது வளரும். ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டலத்தின் அமுக்கம். ஒரு சதுர சென்ரிமீற்றரின்மேல் ஒரு கிலோகிராம் எடை வைத்தாற் போன்றது. அதன் அருகே சிறிய எழுத்தில் இன்னோர் எண் இருக்கும்: நிமிடத்துக்கு இத்தனை லீற்றர். இதுவே பாய்ச்சல். வீட்டுப் பாவனைக்குரிய சிறிய இயந்திரங்களில் இது ஐந்து முதல் ஏழு லீற்றர் வரையிலேயே இருக்கும். வாங்குபவர் பெரிய எண்ணைப் பார்க்கிறார். வேலை செய்பவனோ சிறிய எண்ணாற் களைத்துப்போகிறான்.

“பிள்ளை, ஊத்தையை அசைக்கிறது அமுக்கம், கொண்டுபோறது தண்ணி” என்றார் மாமா. அசைந்த பாசி அள்ளிச் செல்ல நீரின்றி அவ்விடத்திலேயே படிந்தால், அதே இடத்தை மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும். பழைய இயந்திரத்தில் முற்றமொன்றைக் கழுவும்போது, ஊத்தையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தள்ளுவதிலேயே பெரும்பொழுது கழிந்ததை நானும் பார்த்திருக்கிறேன்.

இவ்விரண்டையும் இணைப்பது வலு. பாரிற் சொல்லும் அமுக்கத்தை, நிமிடத்துக்கு லீற்றரிற் சொல்லும் பாய்ச்சலாற் பெருக்கி 600ஆல் வகுத்தால் நீருக்குச் சேரும் வலு கிலோவாற்றிற் கிடைக்கும். 150 பாரும் 20 லீற்றரும் எனின் 5 கிலோவாற்று. 300 பாரும் 10 லீற்றரும் எனினும் அதே 5 கிலோவாற்றுத்தான். ஆகவே ஒரே இயந்திரத்தின் வலுவை இரண்டு விதமாகச் செலவிடலாம். எவ்விதம் என்பதைத் தொழிலே தீர்மானிக்க வேண்டும். மாமா 150ஐயும் 20ஐயும் தெரிந்துகொண்டார். கடையில் வாங்குபவனுக்கு இத்தெரிவு மிகக் குறைவு. கட்டுபவனுக்கு அதுவே முதல் வேலை.

பம்பியின் இழப்புகளையும் சேர்த்தால் 5 கிலோவாற்றுக்கு ஏறத்தாழ 6 கிலோவாற்று, அதாவது எட்டுக் குதிரைவலு, தண்டிற் கொடுக்க வேண்டும். ஊரில் லான்ட்மாஸ்டர் என்று வழங்கும் இருசக்கர உழவு இயந்திரமொன்றின் பத்துக் குதிரைவலு டீசல் இயந்திரம், சட்டம் உடைந்து ஒரு தோட்டக்காரரின் கொட்டிலிற் கிடந்தது. அதனை வாங்கினார். பம்பியைக் கொழும்பு பஞ்சிகாவத்தையிற் பழையதாகத் தேடிப் பெற்றார். பித்தளைத் தலையும் மூன்று பீங்கான் முசலங்களும் கொண்டது அது. ஒரு முசலம் தள்ளும்போது மற்றொன்று உறிஞ்சும். மூன்றும் முறைமாறி இயங்குவதால் நீர் விட்டுவிட்டு வராமல் ஒழுங்காக வரும். அப்பம்பி நிமிடத்துக்கு 1450 சுற்றுக்கு மேற் சுற்றலாகாது. எனவே இயந்திரத்தில் ஆறு அங்குலக் கப்பியும் பம்பியில் எட்டு அங்குலக் கப்பியும் பொருத்தி, இடையே பெல்ற் போடப்பட்டது. இயந்திரம் 1900 சுற்றுச் சுற்றப் பம்பி 1425 சுற்றுச் சுற்றும். நேரே தண்டோடு தண்டு பொருத்திய மலிவான இயந்திரங்களிற் பம்பி இதனினும் இருமடங்கு வேகத்தில் ஓடித் தேய்கிறது. மெதுவாக ஓடுவது நெடுநாள் ஓடும் என்பது இங்கே உண்மை.

அடுத்த சிக்கல் நீர். மேல்தொட்டியிலிருந்து வரும் வீட்டுக் குழாய் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 லீற்றர் தந்தது; பம்பி கேட்பதோ 20. கேட்டது கிடையாவிட்டாற் பம்பி வெற்றிடத்தை உறிஞ்சும். அப்போது நீருக்குள்ளேயே ஆவிக் குமிழிகள் தோன்றி, அமுக்கம் ஏறுமிடத்தில் உடைந்து நொருங்கும். ஒவ்வொரு குமிழியும் சிறியதொரு சம்மட்டி. அவை நாளடைவில் உலோகத்தையே அரித்துவிடும். முதல் ஓட்டத்திலேயே பம்பிக்குள் சரளைக் கல் உருளுவது போன்ற ஓசை கேட்டது. மாமா உடனே நிறுத்தினார். 200 லீற்றர்ப் பரல் ஒன்றைப் பம்பியிலும் உயரமாக வைத்து, மிதவை வால்வு பொருத்தி, அதிலிருந்து அகன்ற, உட்கம்பியிட்ட குழாயினூடே பம்பிக்கு நீர் இறங்கச் செய்தார். ஓசை மறைந்தது. நிமிடத்துக்கு 8 லீற்றர் குறைய, நிறைந்த பரல் 25 நிமிடம் தாங்கும். அதன்பின் ஆளும் ஓயலாம், பரலும் நிறையலாம்.

பம்பி அமுக்கத்தை உண்டாக்குவதில்லை என்பதை இங்கேதான் அறிந்தேன். அது நீரைத் தள்ள மட்டுமே செய்கிறது. வெளியேறும் சிறு துவாரம் தடுப்பதனாலேயே அமுக்கம் தோன்றுகிறது. அத்துவாரமுள்ள நொசிலின் பரப்பை இரட்டித்தால், அதே 20 லீற்றரும் நான்கிலொரு பங்கு அமுக்கத்தோடு, ஏறத்தாழ 38 பாரில், வெளிவரும். ஆகவே ஒரே இயந்திரத்தாற் சீமெந்துத் தரையைக் கடுமையாகவும் ஓட்டுக் கூரையை மென்மையாகவும் கழுவலாம். மாற்றவேண்டியது விரல்நுனியளவான ஓர் உறுப்பையே. கைப்பிடியை விட்டு நீரை அடைத்தாலும் பம்பி தள்ளிக்கொண்டே இருக்கும். அந்நீருக்கு வழிவிடும் வால்வு இல்லையெனிற் குழாய் வெடிக்கும். வழிவிட்ட நீர் பம்பிக்குள்ளேயே சுற்றினால் விரைவிற் கொதிநிலையை நெருங்கி றப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். ஆதலால் அதனை மீண்டும் பரலுக்கே திருப்பினார்.

இவ்வியந்திரம் விளையாட்டுப் பொருளன்று. 150 பாரில் வெளிவரும் நீரின் வேகம், கணக்கின்படி, விநாடிக்கு 170 மீற்றருக்கு மேல். அதன் மறுதாக்கம் பிடித்திருப்பவரின் கையை ஏறத்தாழ ஆறு கிலோகிராம் எடையளவு பின்தள்ளும். அருகில் நின்று தோலிற் பட்டாற் சிறு புள்ளியளவு காயமே தெரியும்; உள்ளேயோ நீரும் அழுக்கும் தசைக்குட் புகுந்திருக்கும். அத்தகைய காயத்தைச் சிறிதென்று எண்ணாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நீண்ட சப்பாத்தும் கண்ணாடியும் அணியாத எவரும் கைப்பிடியைத் தொடலாகாது என்பது மாமா வகுத்த முதல் விதி.

இரண்டாம் விதி சுவர்களைப் பற்றியது. எங்கள் ஊரின் பழைய வீடுகள் பல சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. மிகுந்த அமுக்கம் பாசியோடு சாந்தையும் பெயர்த்துவிடும். ஒரு நாளிற் புதிதாய்த் தோன்றும் சுவர், அடுத்த மாரியில் நீரை உள்ளே இழுக்கும். யுத்தத்துக்குத் தப்பி நின்ற சுவர்களை நாம் கழுவி அழிக்கலாகாது என்பார் அவர். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து உறவினர் வரும்முன் வீட்டை வெளுப்பாக்கித் தருமாறு கேட்பவர்கள் அதிகம். அவர்களுள் எவரேனும் பழஞ்சுவரை முழு அமுக்கத்தில் அடிக்கச் சொன்னால், கூலியை இழந்தாலும் மறுத்துவிடுவார்.

மூன்றாவது, கிணற்றைப் பற்றியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறக்கிவைக்கும் நீரே எமக்கு ஆண்டு முழுவதும் உள்ள முதல். அத்தகைய மண்ணில் நிமிடத்துக்கு 20 லீற்றரைச் செலவிடும் இயந்திரம் நியாயமானதா என்று மாமாவைக் கேட்டேன். கொப்பியை எடுக்கச் சொன்னார். 20 லீற்றர் வீதம் ஒரு மணி நேரத்துக்கு 1200 லீற்றர். 7 லீற்றர் இயந்திரம் அதே வேலைக்கு மூன்று மணி நேரம் எடுத்தால் 1260 லீற்றர். “நேரத்தை மிச்சம் பிடிச்சாத் தண்ணியும் மிச்சம், சும்மா திறந்து வைச்சா ரெண்டும் நட்டம்” என்றார். விடை சரிதான், ஆயின் அது கைப்பிடியைப் பிடித்திருப்பவரின் ஒழுக்கத்தையும் சார்ந்த விடை. கழுவிய நீர் எங்கே போகிறது என்னும் வினாவும் உண்டு. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரிய பிரச்சினையாக எழுந்ததை ஊரார் மறக்கவில்லை. பாறையின் வெடிப்புகள் வழியே மேலே ஊற்றுவது கீழே இறங்கும். எனவே பாரவூர்திகளைக் கழுவும் இடத்தில் மாமா சீமெந்துத் தொட்டி கட்டி, மிதக்கும் எண்ணெயை வடித்தெடுத்த பின்பே நீரை வெளியே விடுகிறார். அவ்வெண்ணெய்க்கு எவரும் கூலி தருவதில்லை.

அவர் கணக்கிட்டது தமிழில் என்பதையும் இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். அமுக்கம், பாய்ச்சல், வலு, முசலம், மறுதாக்கம் என்பன அவர் பாடசாலையிற் கற்ற சொற்கள். தமிழகத்தார் அழுத்தம் என்பதை அமுக்கம் என்று வழங்கும் எமது பாடநூற் தமிழ், பரீட்சையோடு முடிந்துபோகும் தமிழ் என்று சிலர் கருதுவர். அச்சொற்கள் ஊத்தை, பரல், கப்பி என்னும் சொற்களோடு ஒரே வாக்கியத்தில் அமர்ந்து வேலை செய்வதை அப்பட்டறையிற் கேட்டேன். சுயமொழிக் கல்வியின் பயனை அளப்பதற்குப் பட்டதாரிகளின் தொகை மட்டும் போதாது. பல்கலைக்கழக வாயிலைத் தாண்டாத ஒருவர், தாம் கற்ற சூத்திரத்தாற் தம் பிழைப்பையும் இருவரின் பிழைப்பையும் காக்க முடிந்ததா என்பதையும் கேட்டல் வேண்டும்.

இயந்திரம் இப்பொழுது வேலை செய்கிறது. அழகானதன்று, அதன் சட்டம் மூன்று நிறத்து இரும்பால் ஆனது, ஓசையும் அதிகம். இளைஞர் இருவரும் வேலையில் இருக்கின்றனர்; ஒருவர் இப்போது நொசில் தேய்ந்ததை நீரின் விரிவைப் பார்த்தே சொல்லக் கற்றுக்கொண்டார். கழுவுற வேலையோ என்று கேட்ட உறவினர் சிலர் தங்கள் முற்றத்துக்கு நாள் கேட்டு மாமாவிடம் வருகின்றனர். அவர்கள் எண்ணம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தேவை மாறியிருக்கிறது, எண்ணம் மாறுவதற்கு ஓர் இயந்திரம் போதாது. மாமா கொப்பியைப் பார்த்து அவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்கிறார். மற்ற எல்லோரிடமும் வாங்கும் கூலியையே அவர்களிடமும் வாங்குகிறார்.