சேலத்து மண்ணில் ஓர் ஐரிஷ் பெயர்

நீவ், ஈஃபா, ஆஷ்லிங், ரோஷீன், ஸீர்ஷா. டப்ளினிலிருந்து விடுப்பில் திருச்செங்கோட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் கைப்பேசியில் இப்படி ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. தலைப்பிரசவத்துக்காக மனைவி முன்பே தாய்வீடு வந்துவிட்டாள், பிறந்தது பெண். பிழைப்பு தந்த நாட்டுக்கு நன்றியாகவும், வளரப்போகும் ஊரில் பிள்ளையின் பெயர் அந்நியமாக ஒலிக்கக் கூடாது என்பதற்காகவும் ஐரிஷ் பெயர்தான் வைக்க வேண்டும் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அயர்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டுமே 45,000-க்கு மேல். அங்கே குடியேறிய இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

குழந்தையின் அம்மிச்சி, அதாவது தாய்வழிப் பாட்டி, ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது மாப்பிள்ளை. வாசல்ல நின்னு சத்தம் போட்டுக் கூப்புட்டா புள்ள திரும்பிப் பாக்கோணுமுல்லீங்க?" என்றார். அந்தக் கேள்வியை மாப்பிள்ளை மனதில் வைத்துக்கொண்டார்.

ஐரிஷ் பெயர்களில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. 'எம்', 'எச்' இரண்டும் சேர்ந்து வந்தால் பல இடங்களில் 'வ்' என்று ஒலிக்கும். நீவ் என்ற பெயரை அவர்கள் எழுதும்படியே நம் பள்ளி ஆசிரியர் படித்தால் 'நியாம்' என்றுதான் கூப்பிடுவார். தமிழில் எழுதினால் சிக்கலே இல்லை. ஆனால் கடவுச்சீட்டில் தமிழ் எழுத்து வராதே. நீவ், ஐரிஷ் பழங்கதையில் கடல் தெய்வத்தின் மகள்; ஒஷீன் என்ற வீரனை முதுமையே இல்லாத நாட்டுக்குக் குதிரையில் அழைத்துப் போனவள். கதையைக் கேட்டதும் வீட்டுப் பெண்களுக்குப் பிடித்துவிட்டது. பெயர் மட்டும் நாக்கில் நிற்க மறுத்தது.

சொந்தபந்தங்களுக்குக் குழந்தையைக் காட்டவும், கோயில்களில் வேண்டுதலை முடிக்கவும் வாடகைக் கார் பிடித்து நாமக்கல், ராசிபுரம் வழியாகச் சேலத்துக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் லாரிகளும். லாரிகளின் நெற்றியில் உரிமையாளர்கள் தங்கள் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தார்கள். பின்சீட்டில் மடியில் குழந்தையோடு தாய் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள்.

நாமக்கல்லில் கோட்டைப் பாறையின் அடிவாரத்தில் நரசிம்மர் கோயில். அங்கே குடியிருக்கும் நாமகிரித் தாயார்தான் கணித மேதை ராமானுஜனின் குலதெய்வம். தன் கணக்குகள் அந்தத் தாயார் அருளியவை என்று அவர் நம்பினார். தாயாரின் பெயரைத் தாங்கிய பாட்டிகள் இந்தப் பக்கம் உண்டு. கிழக்கே நிற்கும் கொல்லிமலையின் பாவையைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். இந்தச் சீமையில் பாவாயி என்று அழைக்கப்பட்ட கிழவிகளுக்குக் கணக்கில்லை. மலையையும் தெய்வத்தையும் பெண் பிள்ளையின் பெயரில் ஏற்றிவைப்பது இங்கே வழிவழியாக வந்த வழக்கம்.

ராசிபுரத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது மாப்பிள்ளை இன்னொரு கவலையைச் சொன்னார். அயர்லாந்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்துதான், சிலருக்கு ஊர்ப் பெயரின் முதலெழுத்தும். எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் பெயரில் வரும் 'ஆர்' இந்த ராசிபுரத்தைத்தான் குறிக்கிறது. மால்குடியைப் படைத்தவர் சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்தாலும், மூதாதையர் ஊர் ஓர் எழுத்தாக அவரோடு உலகமெல்லாம் போனது. மகளுக்கு அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடலாம் என்று அங்கேயே தீர்மானித்தார்கள்.

ராசிபுரம் தாண்டியதும் வயல்களில் எருமைகள், சாலையோரம் பால் கேன்கள். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் பிரிகிட் நினைவுக்கு வந்தாள். கில்டேரில் மடம் நிறுவிய புனிதை அவள். அதே பெயரில் பழைய ஐரிஷ் தெய்வமும் உண்டு. கறவை மாடுகளுக்கும் பால் கறக்கும் பெண்களுக்கும் காவல் அவள்தான். அவளுடைய நாள் பிப்ரவரி 1. 2023 முதல் அவள் பெயரில் அயர்லாந்தில் பிப்ரவரி தொடக்கத்தில் ஓர் அரசு விடுமுறை உண்டு. ஒரு பெண்ணின் பெயரால் அந்த நாட்டில் அமைந்த முதல் அரசு விடுமுறையும் அதுவே. எருமை கட்டி மகளைப் படிக்க வைத்த அம்மிச்சிக்கு இந்தக் கதை எல்லாவற்றையும்விடப் பிடித்தது. "மாட்டுக்குக் காவலுங்களா? அப்போ நம்ம சாமிதானுங்க," என்றார். அந்தப் பெயர் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது.

சேலத்துக்குள் நுழையும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிறந்த பெண் சிசுக்களைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கப்பட்டது இந்தச் சேலத்தில்தான். 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேர்தான். அடுத்த கணக்கெடுப்பில் அந்த எண் 900-ஐத் தாண்டியது. பெயர் வைக்கப்படாமலே மண்ணுக்குள் போன பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். அதே மண்ணில் ஒரு பெண் குழந்தைக்காக மூன்று தலைமுறை காரில் உட்கார்ந்து பெயர் தேடுவது பெரிய மாற்றம். அதை வெறும் மோகம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

சேலத்தில் மாப்பிள்ளையின் பெரியம்மா வீடு. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுல நிவேதிதாவைக் காணமே, ஏன்?" என்பதுதான்.

அது வடமொழிப் பெயராச்சே என்றார்கள். பெரியம்மா விளக்கினார். மார்கரெட் நோபிள் 1867-இல் அயர்லாந்தின் டங்கானனில் பிறந்தவர். விவேகானந்தரின் பேச்சைக் கேட்டு 1898 ஜனவரியில் கல்கத்தா வந்து இறங்கினார். அதே ஆண்டு மார்ச் 25 அன்று விவேகானந்தர் அவருக்கு நிவேதிதா என்று பெயர் சூட்டினார். நவம்பரில் பாக்பஜாரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். காசி காங்கிரஸுக்குப் போய்த் திரும்பிய பாரதி கல்கத்தாவில் அவரைச் சந்தித்தார். மனைவியை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்ட கேள்வி பாரதியை உலுக்கியது. அவரைத் தன் குருவாக ஏற்று, 1908-இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். பெண் விடுதலை பற்றித் தமிழில் எழுந்த பெருங்குரலுக்குப் பின்னால் ஓர் ஐரிஷ் பெண் நிற்கிறார். அதன் பிறகு தமிழ்நாட்டு வகுப்பறைகளில் எத்தனை நிவேதிதாக்கள்! பெரியம்மா வருகைப் பதிவேட்டில் கூப்பிட்டவர்களே பலர்.

நிவேதிதாவோடு நிற்கவில்லை பெரியம்மா. அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்துப் பாயில் ஊரில் பிறந்த மார்கரெட் கசின்ஸ், 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றக் காரணமானவர்களில் ஒருவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு அந்த ஆண்டே பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவிடம் போன தூதுக்குழுவுக்கு வழி செய்தவர் அவர். 1921-இல் சென்னை மாகாணப் பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்தது. அதே அயர்லாந்தின் டவுன் மாவட்டத்திலிருந்து நெல்லைச் சீமையின் டோனாவூருக்கு வந்த ஏமி கார்மைக்கேலை, அவர் காத்து வளர்த்த பிள்ளைகள் அம்மா என்றே அழைத்தார்கள்.

ஒலி பிடித்ததற்காக ஒரு பெயரை எடுப்பதில் தவறில்லை. தாரா என்று வைத்தால் அயர்லாந்தின் பழைய அரசர்கள் முடிசூடிய குன்றும் அதில் அடங்கும். ஷீலா இரண்டு நாட்டிலும் பாட்டிமார் பெயர். ஆனால் மகள் பெரியவளாகி, ஏன் எனக்கு இந்தப் பெயர் என்று கேட்கும்போது சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் செய்த வேலை வேண்டும். அந்த வகையில் பிரிகிட்டும் நிவேதிதாவும் மற்றெல்லாப் பெயர்களையும் விட உயர்ந்தவை.

கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்த பிறகு தம்பதி முடிவுக்கு வந்தார்கள். பதிவில் நிவேதிதா பிரிகிட். அம்மிச்சி அதற்குள் 'நிவி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து பிரசவத்துக்கு ஊர் வரும் பெற்றோர் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயர் அப்போதே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். பட்டியலை வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்து வாய்விட்டுக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு நேரம் இருக்கிறது.