சாலையின் மேல் போட்ட பழி

ஆடி மாதத்தில் பெரியபாளையம் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். விடியுமுன்பே மஞ்சள் உடுத்திய கூட்டம் பவானி அம்மன் கோயிலை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். தாயின் கையை உதறிவிட்டுக் குழந்தைகள் சாலையின் நடுவே ஓடுவதும் உண்டு. அப்படி ஓடிவந்த ஒரு சிறுமிக்கும் எங்கள் பிக்கப் வண்டிக்கும் இடையே, வண்டி ஒருவழியாக நின்றபோது, ஒரு முழ இடைவெளிதான் மிச்சமிருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சரக்கை இறக்கிவிட்டு, ஜனப்பன்சத்திரத்தில் திரும்பி, காலி வண்டியோடு திருவள்ளூருக்கு வந்துகொண்டிருந்தோம். வேகம் அதிகமில்லை. பிரேக் லைனிங் மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆயினும் அப்பா பிரேக்கை மிதித்ததும் பின்சக்கரங்கள் தரையில் பதியாமல் தத்தித் தத்திச் சென்றன. அந்தத் தாய் எங்களைத் திட்டவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அவர் பார்த்த பார்வையைவிட வசவே மேலாக இருந்திருக்கும்.

இதற்கு இரண்டு வாரம் முன்பு அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து அதே வண்டியில்தான் அழைத்து வந்தோம். ஐந்து கிலோமீட்டர் தாண்டுமுன்பே கேட்டுவிட்டார்.

"இன்னாண்ணா இது, ஊஞ்சல்ல குந்தின மாதிரி ஆடுது?"

"ரோடு அப்படிக் கீதும்மா. வண்டி இன்னா பண்ணும்?" என்றார் அப்பா.

நாங்களும் அப்பாவின் கட்சியே. அத்தை அந்த வண்டியில் கடைசியாக ஏறி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய உடம்பில் இரண்டாண்டுக்கு முந்தைய வண்டி அப்படியே இருந்தது. நாங்களோ நாள்தோறும் ஏறுகிறவர்கள். தேய்மானம் ஒரு நாளைக்கு ஒரு நெல்முனையளவு வந்தது. அதே அளவுக்கு நாங்களும் பழகிக்கொண்டோம். நேற்றைய ஆட்டத்தோடு இன்றைய ஆட்டத்தை ஒப்பிட்டால் வித்தியாசம் ஏதுமில்லை. எனவே குற்றம் சாலைக்குப் போயிற்று.

பெரியபாளையத்துச் சம்பவத்திற்கு மறுநாள் பட்டறைக்குப் போனோம். பிரேக்கைப் பார்க்கச் சொன்னோம். வயதான மெக்கானிக் பிரேக்கின் பக்கமே போகவில்லை. குனிந்து பின்டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பிறகு எங்களையும் தடவிப் பார்க்கச் சொன்னார். டயர் ஒரே சீராகத் தேயாமல், சிறு குழிகளும் மேடுகளுமாகக் கையில் தட்டுப்பட்டது. சக்கரம் தரையை விட்டு எழும்பி எழும்பி விழுந்ததன் தழும்பு அது. "பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும் தம்பி. தரையைப் பிடிக்க வேண்டியது சக்கரமாச்சே" என்றார். இரண்டு ஷாக் அப்சார்பர்களும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பி, கறுத்துப் போயிருந்தன.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரே நம்மைத் தவறான வழியில் அனுப்பிவிடுகிறது. அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். ஆனால் வாங்கியதை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, உடனே திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் வண்டி பலமுறை எழுந்து தாழ்வது அதனால்தான். இந்த ஊசலை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. குழாய்க்குள் எண்ணெயும், அதனூடே ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனும் உண்டு. பிஸ்டனின் சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்கப்பட்டுச் செல்லும்போது, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது. அதிர்வடக்கி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

நம் முன்னோர் ஏறிய வில்வண்டியில் இப்படியொன்று கிடையாது. அடுக்கடுக்கான இரும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசும். மாட்டின் நடைக்கு அந்த உராய்வே போதுமானதாக இருந்தது. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டின் மாடல் டி காரும் ஷாக் அப்சார்பர் இல்லாமல்தான் தொழிற்சாலையை விட்டு வந்தது. அதற்கு அடுத்து வந்த மாடல் ஏ காரில் எண்ணெயால் இயங்கும் அதிர்வடக்கியைப் பொருத்தினார்கள். வேகம் கூடியபோது பட்டைகளின் உராய்வு மட்டும் போதவில்லை.

பிக்கப் வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. பாரம் தாங்குவதற்காகவே பின்பட்டைகளை விறைப்பாகச் செய்கிறார்கள். சரக்கு இருக்கும்போது அவை படிந்து அமைதியாக இருக்கும். காலியாக ஓடும்போது அதே விறைப்பு, இலேசான பின்புறத்தைத் தூக்கி எறியும். அப்போதுதான் அதிர்வடக்கியின் தேவை மிகுதி. பாரத்தோடு போகையில் ஒழுங்காக நின்ற வண்டி, திரும்பி வருகையில் தத்தியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

பட்டறைப் பெரியவரிடம் கற்ற வேறு சில சோதனைகளையும் சொல்லிவிடுகிறோம். ஒரு மூலையை அழுத்தி விட்டால் ஒன்றிரண்டு ஆட்டத்தில் வண்டி நிற்க வேண்டும். ஆனால் விறைப்பான பட்டையுள்ள பிக்கப்பில் இந்தச் சோதனையை முழுதாக நம்பக் கூடாது. மேடு பள்ளமான சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, நான்கு அதிர்வடக்கிகளையும் கவனமாகத் தொட்டுப் பார்க்கலாம். வேலை செய்தது சூடாக இருக்கும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது சும்மா இருந்திருக்கிறது. குழாயின் மேல் மெல்லிய ஈரப்பூச்சு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாற்றினோம். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய இரவே எண்ணெய் விட்டு வைத்தோம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, சேசிஸின் கீழ் ஸ்டாண்டு நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். இன்னொரு ஜாக்கியால் அச்சைத் தாங்கிப் பிடித்தோம்; இல்லாவிட்டால் ஷாக் அப்சார்பரைக் கழற்றியதும் அச்சு கீழே தொங்கி, பிரேக் குழாயை இழுத்துவிடும்.

கழற்றிய பழையதை அமுக்கிப் பார்த்தபோது, வாஷர் போன சைக்கிள் பம்பைப் போல எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. புதியதை இருகை கொண்டு அழுத்த வேண்டியிருந்தது. இழுப்பது அதனினும் கடினம். அதை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து முறை இழுத்து அமுக்கி, உள்ளிருந்த காற்றை நீக்கிய பிறகே பொருத்தினோம். தண்டை இடுக்கியால் பிடிக்கவில்லை. கீறல் விழுந்தால் அங்கிருந்தே கசிவு தொடங்கும். ஒன்று நன்றாக இருந்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதால் இணையாக வாங்கியிருந்தோம். வண்டி தன் காலில் நின்ற பிறகே நட்டுகளை இறுதியாக முறுக்கினோம். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிக் கிழிந்துவிடும். முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கோடு சேர்ந்த வகையாக இருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம். அடங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே அடித்துவிடும்.

மறுநாள் அதே சாலையில் அப்பா ஓட்டினார். மூன்றாவது வேகத்தடையைத் தாண்டியதும், "இன்னாடா, ரோடு போட்டுட்டாங்களா?" என்று கேட்டார். பிறகு எதுவும் பேசவில்லை. மாலையில் அவராகவே அத்தைக்குப் போன் போட்டார்.

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் இப்போது ஒருமுறை பிக்கப்பில் ஏற்றிச் சுற்றி வருகிறோம். இறங்கியதும் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். அவர்கள் சொல்வதை மறுத்துப் பேசக் கூடாது என்பது அப்பா போட்ட விதி. பெரியபாளையம் நெருங்கும்போது மட்டும், சாலை வெறிச்சோடிக் கிடந்தாலும், அவர் கால் தானாகவே பிரேக்கின் மேல் போய் நிற்கிறது.